மரியாதையைக் கெஞ்சியா கேட்பது?

நேற்று ராத்திரியும் அதே கதைதான். அமெரிக்கப் பாடகி அரேதா ஃபிராங்க்ளினின் 'ரெஸ்பெக்ட்' பாட்டைக் கேட்கலாம் என்று தேடினேன். முதலில் வந்தது வேறு யாரோ பாடியது. அதைத் தட்டினால், பியானோ சொட்டுச் சொட்டாக விழுகிறது. அப்புறம் ஒரு பெருமூச்சு. அப்புறம் தூக்கத்தில் முனகுவது மாதிரி ஒரு குரல். ஒன்றரை நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். டிரம்ஸ் வரவே இல்லை.

எந்தப் பழைய பாட்டு கிடைத்தாலும் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, எதிரொலியை அள்ளிக் கொட்டி, காதுக்குள் கிசுகிசுத்தால் போதுமா? அது உருக்கமான கவர், அதாவது ஒருவர் பாட்டை இன்னொருவர் தன் பாணியில் பாடுவது, ஆகிவிடுமா? பாட்டு என்ன கேட்கிறது என்று ஒரு தடவையாவது யோசித்தார்களா? மரியாதை கேட்கிறது ஐயா! அதைப் போய்க் கெஞ்சியா கேட்பார்கள்?

இத்தனைக்கும் அரேதா பாடியதே கவர்தான். எழுதி, 1965-இல் பாடியவர் ஓட்டிஸ் ரெட்டிங். வீடு திரும்பும் ஆண் தனக்கு மரியாதை வேண்டும் என்று கேட்கிற பாட்டு அது. நல்ல பாட்டு, சந்தேகமே இல்லை. ஆனால் 1967-இல் அரேதா கைக்கு வந்ததும் கேட்பவள் பெண். பாட்டே தலைகீழாகப் புரண்டுவிட்டது. R-E-S-P-E-C-T என்று அந்த ஏழு எழுத்தை ஒவ்வொன்றாக உச்சரிக்கிற இடம் இருக்கிறதே, அது ஓட்டிஸின் பதிவில் கிடையவே கிடையாது. அரேதா கொண்டுவந்தது. அதுவரை நிற்காமல் ஓடிய தாளம் அங்கே சட்டென்று வழிவிடும். குரல் ஒவ்வொரு எழுத்தாக ஆணி அடிக்கும். பின்னால் அவருடைய சகோதரிகளின் குரல்கள் விடாமல் சேர்ந்துகொள்ளும். மொத்தமே சுமார் இரண்டரை நிமிடம்தான். ஒரு பெண் இந்தப் பாட்டை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டாள் என்று ஓட்டிஸே அமெரிக்காவின் மாண்டரே இசை விழா மேடையில் சொன்னார். கவர் என்றால் அப்படி இருக்க வேண்டும்!

மெதுவாகப் பாடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. டாலி பார்ட்டன் 1974-இல் வெளியிட்ட 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' அடக்கமான பாட்டு. ஒரு சரணத்தைப் பாடாமல் பேசியே கடந்துவிடுவார். விட்னி ஹூஸ்டன் 1992-இல் அதை எடுத்தபோது முக்கால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட வாத்தியமே இல்லை, வெறும் குரல். எவ்வளவு நிதானம்! ஆனால் அந்த நிதானம் எங்கேயோ போகிறது. கடைசியில் ஒரு நொடி எல்லாம் அடங்கி, டிரம்மில் ஒரே ஓர் அடி விழுந்து, சுருதி மேலே ஏறும்போது எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒன்று இன்னொன்றைச் சின்னதாக்காது.

இந்தக் கிசுகிசு ஆட்கள் அந்த அமைதியை மட்டும் திருடிக்கொண்டு, அந்த அடியை விட்டுவிடுகிறார்கள். மூன்று நான்கு நிமிடமும் ஒரே சமதளம். எந்தப் பாட்டு என்பதே முக்கியமில்லை, துள்ளலோ கோபமோ எல்லாவற்றுக்கும் அதே பியானோ, அதே பெருமூச்சு. பாடுகிறவருக்கு நல்ல குரல் இருக்கிறது என்பதுதான் இன்னும் எரிச்சல்.

நேற்று அதை மூடுவதற்கு முன்னால் அந்த ஏழு எழுத்து வரும் இடத்தையாவது கேட்போம் என்று தள்ளிப் பார்த்தேன். வெட்டிவிட்டிருக்கிறார்கள். அங்கேயும் பியானோதான்.