பலகாரக்கார அக்காவும் 84,600 டாலரும்

போன சனிக்கிழமை ஒரு பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டு வந்து சாப்பிடுற கூட்டம். அட்லாண்டா புறநகர்ல நம்மாளுங்க கூடினா எப்பவும் நடக்கிறதுதான், ஆம்பளைங்க எல்லாம் கராஜ்ல சேர் போட்டு உட்காந்து வீட்டு விலைல ஆரம்பிச்சு கடைசில டிரம்ப்ல வந்து நிப்பாங்க. அன்னைக்கு ஒருத்தர், பதினெட்டு வருஷமா இங்க இருக்கார், பெரிய கம்பெனில டைரக்டர், பிரியாணி தட்டைக் கைல வச்சுக்கிட்டே சொல்றார், "ஒபாமா கேர் மானியத்தை நிறுத்தினது ரொம்ப கரெக்ட்டுங்க, சும்மா உட்காந்திருக்கிறவனுக்கு நம்ம டாக்ஸ்ல எதுக்கு இன்சூரன்ஸ், நான் என்னைக்காவது கவர்மெண்ட்கிட்ட கையேந்தினேனா?" (ஒபாமா கேர்னா, கம்பெனி இன்சூரன்ஸ் இல்லாதவங்க தாங்களே இன்சூரன்ஸ் வாங்குறதுக்கான சட்டம், வருமானத்தைப் பொறுத்து பிரீமியத்துல ஒரு பங்கை அரசாங்கம் மானியமா கட்டும்.) நாலு பேர் தலையாட்டினாங்க. அடுத்தவங்க வீட்டு விசேஷத்துல எதுக்கு வம்புன்னு நானும் தயிர்ப்பச்சடிய ஊத்திக்கிட்டு நகர்ந்துட்டேன். வீட்டுக்கு வந்தா தூக்கம் வரல, அதான் இங்க கொட்டுறேன்.

சார், நீங்க மாசாமாசம் கையேந்துறீங்க. என்ன, உங்களுக்கே தெரியாம நடக்குது.

கம்பெனி இன்சூரன்ஸ்ங்கிறதே இந்த நாட்டுல யாரும் உக்காந்து திட்டம் போட்டு கொண்டு வந்தது இல்ல. 1942ல, உலகப்போர் நேரம், சம்பளம் ஏத்தக்கூடாதுன்னு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டுச்சு, ஆளு கிடைக்காத கம்பெனிங்க சம்பளத்துக்கு பதிலா இன்சூரன்ஸ் தர்றேன்னு ஆள் பிடிச்சாங்க, 1954ல அதுக்கு வரியே கிடையாதுன்னு சட்டத்துலயே எழுதிட்டாங்க. அவ்வளவுதான் கதை. 2025 கணக்குப்படி ஒரு குடும்பத்துக்கான கம்பெனி பிளான் சராசரியா வருஷத்துக்கு 27,000 டாலர் கிட்ட, அதுல நம்ம பேஸ்லிப்ல பிடிக்கிறது 6,850 தான். மிச்சம் இருபதாயிரமும் கம்பெனி கட்டுது, அதுவும் நம்ம சம்பளம்தான், ஆனா அதுக்கு ஒரு பைசா வரி கிடையாது. இப்படி அரசாங்கம் விட்டுக்கொடுக்கிற வரி வருஷத்துக்கு சுமார் 300 பில்லியன் டாலர். இதுல கூத்து என்னன்னா சம்பளம் அதிகமா இருக்கிறவனுக்குத்தான் வரி விகிதமும் அதிகம், அதனால சலுகையும் அவனுக்குத்தான் அதிகம். இதுக்கு யாரும் ஃபார்ம் நிரப்பறதில்ல, வேலை பார்த்ததுக்கு ப்ரூஃப் கொண்டான்னு யாரும் கேட்கிறதில்ல, அதனால இதுக்குப் பேரு மானியம் இல்லையாம், "பெனிஃபிட்"டாம்!

எனக்கு இது புத்திக்கு எட்டினது ரெண்டு வருஷம் முன்னாடி லே ஆஃப் ஆனப்பதான். வெள்ளிக்கிழமை கால், பதினொரு நிமிஷம், லேப்டாப் லாக். அடுத்த வாரம் கோப்ரா லெட்டர் வந்துச்சு (பேர் வச்சவன் வாயில சர்க்கரை போடணும், நல்ல பாம்பேதான்). அதே பிளானை, கம்பெனி கட்டின பங்கையும் நாமளே கட்டித் தொடரணும்னா மாசம் 2,418 டாலர். வேலை இருந்தப்ப மாசம் அறுநூறு கூட பிடிச்சதில்ல. வேலை போன மாசத்துல வாடகை மாதிரி இன்னொரு வாடகை. சின்னவனுக்கு வேற ஆஸ்துமா, இன்ஹேலர் இல்லாம ஒரு நாள் ஓடாது. அப்ப ஒபாமா கேர்ல போய்ப் பார்த்தா, அந்த வருஷ வருமானத்துக்கு மானியம் போக ஐநூறு சில்லறைல ஒரு சில்வர் பிளான், அதாவது நடுத்தர வகை. ஏழு மாசம் அதுலதான் ஓட்டினோம். நான் அப்ப சும்மாவா உட்காந்திருந்தேன், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இன்டர்வியூக்கு படிச்சேன்யா.

நான் வாங்கின அந்த கூடுதல் மானியம் 2021ல பைடன் வந்ததும் கொண்டு வந்தது. அதுக்கு முன்னாடி வறுமைக்கோட்டுக்கு நாலு மடங்குக்கு மேல ஒரு டாலர் சம்பாதிச்சாலும் மானியம் பூஜ்யம், 2021ல அந்தப் பள்ளத்தை மூடி, யாரா இருந்தாலும் பெஞ்ச்மார்க் பிளானுக்கு (மானியக் கணக்குக்கு அளவுகோலா வச்ச சில்வர் பிளான்) வருமானத்துல 8.5 சதவீதத்துக்கு மேல கட்ட வேணாம்னு வச்சாங்க. 2025ல மொத்தம் 2.4 கோடி பேர் இந்த மார்க்கெட்ல சேர்ந்திருந்தாங்க. 2025 டிசம்பர் 31ஓட அந்தக் கூடுதல் மானியம் காலாவதி. இதை நீட்டிக்காம பட்ஜெட்டுக்கு ஓட்டு போட மாட்டோம்னு டெமாக்ரட்டுங்க நின்னதாலதான் 2025 அக்டோபர் 1ல இருந்து 43 நாள் அரசாங்கமே மூடிக் கிடந்துச்சு, அதுவரைக்கும் அமெரிக்க வரலாத்துலயே நீளமான ஷட்டவுன், கடைசில டெமாக்ரட் பக்கத்துல இருந்தே எட்டு செனட்டர்கள் ரிபப்ளிகன் பக்கம் ஓட்டு போட்டு, "டிசம்பர்ல ஓட்டெடுப்பு நடத்துறோம்"ங்கிற வாக்குறுதிய வாங்கிட்டு கதவைத் திறந்து விட்டாங்க. டிசம்பர்ல ஓட்டெடுப்பு நடந்துச்சு, தோத்துச்சு. இதை எழுதும்போதே பத்திக்கிட்டு வருது. நான் டெமாக்ரட்டுக்கு ஓட்டு போடுறவன்தான், ஆனா இவங்களுக்கும் இதுல பங்கு உண்டு, 2022ல கைல பெரும்பான்மை இருந்தப்ப நிரந்தரமாக்காம மூணு வருஷம்னு தேதி போட்டு வச்சது யாரு? 2009ல லீபர்மேன்ங்கிற செனட்டர் ஒத்தை ஆளு முரண்டு பிடிச்சதுக்கு பப்ளிக் ஆப்ஷனையே, அதாவது அரசாங்கமே நடத்துற இன்சூரன்ஸையே, தூக்கிக் கொடுத்தவங்கதானே.

அந்தப் பக்கம் என்ன வச்சிருக்காங்கன்னு கேட்டா, 2024 விவாதத்துல டிரம்ப் சொன்னாரே, திட்டத்தோட கான்செப்ட்ஸ் இருக்குன்னு, அதேதான் இன்னமும். ஆனா வெட்டுறதுக்கு மட்டும் கான்செப்ட் இல்ல, முழு சட்டமே இருக்கு. 2025 ஜூலை 4 அன்னைக்கு கையெழுத்தான அந்த "பிக் பியூட்டிஃபுல்" சட்டத்துல, 2027 ஆரம்பத்துக்குள்ள மெடிகெய்ட் (ஏழைங்களுக்கான அரசாங்க இன்சூரன்ஸ்) விரிவாக்கத்துல, அதாவது ஒபாமா கேர் மூலமா அதுல கூடுதலா சேர்ந்து, இருக்கிறவங்க மாசம் 80 மணி நேரம் வேலை பார்த்ததா காட்டணும். கேட்க நியாயமா இருக்கு இல்ல? ஆர்கன்சா மாநிலத்துல 2018ல இதைச் செஞ்சு பார்த்தாங்க, சில மாசத்துல 18,000 பேருக்கு மேல இன்சூரன்ஸ் போச்சு. அந்த விதிக்குள்ள வந்தவங்கள்ல 95 சதவீதத்துக்கு மேல ஏற்கனவே வேலை பார்த்தவங்க, இல்லாட்டி விலக்குக்கு தகுதி உள்ளவங்கன்னு ஆய்வுல வந்துச்சு. மணிக்கணக்கைப் பதியுற வெப்சைட்டை ராத்திரி ஒன்பதுல இருந்து காலைல ஏழு வரைக்கும் மூடி வச்சாங்க, வெப்சைட்டுக்கு எதுக்குய்யா தூக்கம்? எங்க ஜார்ஜியால 2023ல இருந்து இதே மாதிரி ஒண்ணு ஓடுது, முதல் வருஷம் 25,000 பேர் வருவாங்கன்னாங்க, நாலாயிரத்து சில்லறை பேர்தான் சேர்ந்தாங்க, நிர்வாகச் செலவு வைத்தியச் செலவை விட ரெண்டு மடங்கு. சோம்பேறியைப் பிடிக்கப் போட்ட வலைல சிக்கினது கன்சல்டன்டோட பில்லுதான்.

கராஜ்ல தலையாட்டின நாலு பேருக்கு ஒரு தகவல், உங்கள்ல ரெண்டு பேர் இன்னும் ஹெச்1பி. அதே சட்டத்துல 2027ல இருந்து ஒபாமா கேர் மானியத்துக்கு ஹெச்1பி, ஹெச்4 (ஹெச்1பி குடும்பத்துக்கான விசா) எல்லாம் தகுதி இல்லன்னு ஆக்கிட்டாங்க, கிரீன் கார்டு வேணும். வேலை போனா 60 நாள்ல வேற வேலை பிடிக்கணும்ங்கிற கெடு ஒரு பக்கம், மானியமும் இல்லாத இன்சூரன்ஸ் ஒரு பக்கம். கிரீன் கார்டுல கூட்டிட்டு வந்த அப்பா அம்மா, அஞ்சு வருஷம் ஆகாம மெடிகேரும் (வயசானவங்களுக்கான அரசாங்க இன்சூரன்ஸ்) கிடையாது மெடிகெய்டும் கிடையாதுன்னு இருக்கிறவங்க, அவங்க பேர்ல வருமானம் இல்லன்னா 2026 ஜனவரில இருந்தே மானியம் கட். அந்த வரி கட்டினது நம்ம எல்லாரும்தான்.

இப்ப அந்தப் பிரியாணிக்கு வரேன். அதை சமைச்சது எங்க ஏரியால டிஃபன், பலகாரம் ஆர்டர் எடுக்கிற அக்கா. அக்காவுக்கு 60, மாமாவுக்கு 62, ரெண்டு பேரும் சிட்டிசன், கம்பெனியும் இல்ல பெனிஃபிட்டும் இல்ல, காலைல நாலு மணிக்கு கிரைண்டர் ஓட ஆரம்பிச்சிடும். ரெண்டு பேர் குடும்பத்துக்கு அந்தப் பழைய பள்ளம், அதாவது வறுமைக்கோட்டுக்கு நாலு மடங்கு, 2026க்கு 84,600 டாலர்ல நிக்குது. அதுக்குக் கீழ இருந்தா மாசம் எழுநூறு, ஒரு டாலர் தாண்டினா மாசம் 2,500 கிட்ட, அதோட வருஷம் முழுக்க வாங்கின மானியத்தை டாக்ஸ்ல மொத்தமா திருப்பிக் கட்டணும்.

நேத்து மாவு வாங்கப் போயிருந்தேன். ஃப்ரிட்ஜ்ல காந்தம் வச்சு ஒட்டின காலண்டர்ல மாசாமாசம் பென்சில்ல வருமானம் கூட்டி எழுதியிருக்காங்க, நவம்பர் டிசம்பர் கட்டத்துல பெருக்கல் குறி. என்னக்கா இதுன்னு கேட்டேன். "அந்த ரெண்டு மாசம் கடைய மூடப்போறேன்பா, ஒரு கல்யாண ஆர்டர் வந்துச்சு, வேணாம்னுட்டேன். சம்பாதிச்சா நஷ்டம். தீபாவளி வேற நவம்பர் எட்டு, உனக்கு முறுக்கு வேணும்னா அக்டோபர்லயே வாங்கி வச்சுக்க."

ரெண்டு கிலோ சொல்லிட்டு வந்திருக்கேன்.