லைன்ல கால் பட்டுச்சுன்னு சொன்னது ஒரு குத்தமா?

ரெண்டு நாளா உள்ளுக்குள்ளயே வெச்சுப் புழுங்கிட்டு இருக்கேன், இன்னைக்கு கொட்டிடறேன், நீளமாதான் போகும்.

அல்டிமேட் ஃபிரிஸ்பி ஆடாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். ஒரு டிஸ்க், பக்கத்துக்கு ஏழு பேர், டிஸ்க் கையில இருக்கறவன் ஓடக்கூடாது, பாஸ் பண்ணிப் பண்ணிப் போய் எதிர்ப்பக்க எண்ட் ஸோன்ல (மைதானத்தோட கடைசிக் கட்டத்துல) பிடிச்சா பாயிண்ட். முக்கியமான விஷயம், இதுல அம்பயர் கிடையாது. உலக சாம்பியன்ஷிப் ஃபைனல்ல கூட ஃபவுலா இல்லையான்னு முடிவு பண்றது ஆடுறவங்கதான், கேம் அட்வைசர்னு ஒருத்தர் பக்கத்துல நின்னாலும் அவர் யோசனை சொல்லலாம், தீர்ப்பு சொல்ல முடியாது. 1968ல நியூ ஜெர்சில ஸ்கூல் பசங்க ஆரம்பிச்ச ஆட்டம், 2015ல ஒலிம்பிக் கமிட்டியோட முழு அங்கீகாரமும் வந்தாச்சு, இன்னும் அப்படித்தான் ஓடிட்டு இருக்கு. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் நான் மத்த விளையாட்டெல்லாம் விட்டுட்டு இதுக்கு வந்தேன்.

இப்ப நடந்ததைக் கேளுங்க. வாராவாரம் ஆடுற பிக்கப் கேம்தான், கோப்பை இல்ல, பரிசு இல்ல, ஒண்ணும் இல்ல. பதினஞ்சு பாயிண்ட் ஆட்டம், 13-13. எங்க டீம் ஆளு எண்ட் ஸோன் மூலைக்கு ஓடி எம்பிப் பிடிச்சான், நிஜமாவே பிரமாதமான கேட்ச், ஆனா இறங்கும்போது குதிகால் சைட்லைன் மேல இறங்கிடுச்சு. நான் ரெண்டு மூணு அடி தள்ளி லைனுக்கு நேரா நிக்கிறேன், தெளிவா பார்த்தேன். அவனை கவர் பண்ணின பையன் டைவ் அடிச்சு குப்புற விழுந்து கிடந்தான், அவனுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது, எழுந்து மண்ணைத் தட்டிக்கிட்டே "உள்ளயா வெளியவா?"னு நம்பிக்கையா கேட்டான். எங்க ஆளு "உள்ளதான்"னு சொல்லிட்டு டிஸ்கை ஓங்கித் தரையில அடிச்சான். நான் "லைன்ல பட்டுச்சுடா, அவுட்டு"ன்னேன்.

அவ்ளோதான், என்னமோ குடும்பத்துக்கே துரோகம் பண்ணிட்ட மாதிரி என் டீமே என் மேல பாஞ்சுது. "உன்கிட்ட யாராவது கேட்டாங்களா?" "நீ எந்த டீம்டா?" ஒருத்தன் காதுகிட்ட வந்து, "அவனே விட்டுட்டுப் போயிருப்பான், நீ ஏன் வாயைத் திறக்கற"ன்னான். டிஸ்க் அவங்க கைக்குப் போச்சு, 15-13ல தோத்தோம், அதுக்கப்புறம் தண்ணி பாட்டில் கூட எவனும் என் பக்கம் நீட்டல. கடைசியா ஒருத்தர் தோள்ல கை போட்டு அட்வைஸ் வேற, "ஜாலிக்குதானே ஆடுறோம், இவ்ளோ சீரியஸா எடுத்துக்காத பிரதர்."

அந்த "ஜாலிக்குதானே"ங்கற வார்த்தையில தான் எனக்கு ரத்தமே கொதிச்சுது! ஜாலிக்கு ஆடுறோம்னா அந்த ஒரு பாயிண்ட் போனா என்ன போச்சு உனக்கு? பாயிண்ட் இல்லன்னு சொன்னவன் நானு, பாயிண்ட் போச்சேன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டது நீங்க எல்லாரும், இதுல சீரியஸா எடுத்துக்கிட்டது யாரு?

நான் என்னமோ புண்ணியம் தேடிக்கறதுக்கு சொன்ன மாதிரி பேசறாங்க. ரூல்புக்லயே இருக்குங்க. சுத்தியிருக்கற லைன் மைதானத்தோட பாகம் இல்ல, லைனைத் தொட்டா அவுட்டு. அதே ரூல்புக்ல முதல் அத்தியாயத்துலயே, உன் டீம் ஆளு தப்பா கால் பண்ணினா (அதாவது ஃபவுலு, அவுட்டுன்னு தப்பா சொன்னா), ஃபவுல் பண்ணினா, நீ அவன்கிட்ட சொல்றதுதான் நல்ல ஆட்டத்துக்கு உதாரணம்னும் இருக்கு. எதிர் டீம் கேட்டாதான் சொல்லணும்னு ஒரு வரி கூட கிடையாது.

அதே பக்கத்துல இருக்கற இன்னொரு விஷயத்தை யாரும் யோசிக்கறதே இல்ல. இந்த ஆட்டத்துல பெரிய தண்டனைன்னு ஒண்ணு கிடையாது, ஏன்னா எந்த ஆட்டக்காரனும் வேணும்னு ரூலை மீற மாட்டான்னு நம்பித்தான் மொத்த ரூலையும் எழுதியிருக்காங்க. ஃபவுல் நடந்தா, அது நடக்காம இருந்திருந்தா ஆட்டம் எப்படி போயிருக்குமோ அங்க கொண்டு போய் விட்டு மறுபடி ஆரம்பிக்கறோம், அவ்ளோதான். இவ்ளோ மென்மையா ஒரு ரூல் எழுதி வெச்சா அதையே ஓட்டையாக்கி அழுகுணி ஆட்டம் ஆடுறாங்க.

கண்டெஸ்டையே எடுத்துக்கோங்க. டிஸ்கை பிடிக்கப் போறேன், டிஃபெண்டர் கை என் முழங்கையில பட்டு டிஸ்க் விழுது, நான் ஃபவுல்னு சொல்றேன். அவன் ஒத்துக்கிட்டா டிஸ்க் எனக்கு. "இல்ல, நான் பார்த்தது வேற"ன்னு கண்டெஸ்ட் பண்ணினா டிஸ்க் எறிஞ்சவர்கிட்ட திரும்பிப் போகும், மறுபடி எறியணும். அவன் உண்மையிலேயே வேற மாதிரி பார்த்திருந்தா சரி, ஓடுற வேகத்துல எல்லாருக்கும் கண்ணு ஏமாத்தும். நானே ஒரு தடவை தூரத்துல நின்னு டிராவல்னு (டிஸ்க்கை வெச்சுக்கிட்டு கால் நகர்ந்துடுச்சுன்னு) கத்திட்டு, பக்கத்துல இருந்தவங்க சொன்னதும் வாபஸ் வாங்கியிருக்கேன், அதுல ஒரு அவமானமும் இல்ல. ஆனா எங்க கேம்ல கண்டெஸ்டுங்கறது வாயில தானா வருது, நான் ஃபவுல்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள "கண்டெஸ்ட்", என்ன நடந்துச்சுன்னு ஒரு செகண்ட் கூட யோசிக்கறது இல்ல. ஏன்னா கண்டெஸ்ட் பண்ணினா அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்ல, மோசமா போனா அதே த்ரோ இன்னொரு தடவை. இது எனக்குப் பிடிக்கலைங்கறதுக்கும், நான் பார்த்தது இது இல்லைங்கறதுக்கும் வித்தியாசம் இல்லையா?

ஸ்டால் கவுண்ட், அதாவது டிஸ்கை எறிய குடுக்கற நேரத்தை எண்ற கதை, இன்னும் மோசம். டிஸ்க் வெச்சிருக்கறவன் முன்னாடி நிக்கற மார்க்கர் "ஸ்டாலிங்"னு சொல்லிட்டு செகண்டுக்கு ஒண்ணா பத்து வரைக்கும் எண்ணணும். இவங்க எண்ற எண்ணிக்கையில பத்து ஆறு செகண்ட்ல வந்துடுது. ஃபாஸ்ட் கவுண்ட்னு சொன்னா முறைக்கறாங்க. அட, அதுக்கு தண்டனையே கிடையாதுய்யா, ஒரு நம்பர் பின்னாடி போய் நிதானமா எண்ணு, அதைக்கூட செய்ய மனசு வரலைன்னா என்ன சொல்றது?

இதெல்லாம் கேட்டா எனக்கு ஸ்பிரிட் (நேர்மையா, மரியாதையா ஆடுற குணம்) இல்லையாம். ஸ்பிரிட்டுங்கற வார்த்தையை இவங்க பாடா படுத்தறாங்க, கால் பண்ணாம வாயை மூடிட்டு இருந்தா நல்ல ஸ்பிரிட்டு, ஃபவுலை ஃபவுல்னு சொன்னா கெட்ட ஸ்பிரிட்டு. டோர்னமெண்ட்ல குடுக்கற ஸ்பிரிட் ஷீட்டை எடுத்துப் பாருங்க, அஞ்சு தலைப்பு, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 4 வரைக்கும் மார்க்கு, அதுல முதல் தலைப்பே ரூல் தெரிஞ்சு அதை சரியா பயன்படுத்தறதுதான். ஒருத்தனை இடிச்சுத் தள்ளிட்டு, கண்டெஸ்டும் பண்ணிட்டு, அப்புறம் சிரிச்சுக்கிட்டே கை குடுத்துத் தூக்கி விட்டா ஸ்பிரிட் ஆயிடுமா?

நான் இதுல எதிர்பார்க்கறது நடக்காத விஷயமும் இல்ல, கண்ணால பார்த்திருக்கேன். நான் ஆட வந்த புதுசுல ஒரு ஆட்டம், கடைசி பாயிண்ட், எதிர் டீம் அக்கா ஒருத்தங்க லே-அவுட் அடிச்சு, அதாவது உடம்பை நீட்டிப் பாய்ஞ்சு, எனக்கு வந்த டிஸ்கைத் தட்டி விட்டாங்க. எனக்கு ஃபவுல்னே தோணல, திரும்பி டிஃபென்ஸுக்கு ஓட ஆரம்பிச்சுட்டேன். அவங்க கீழ கிடந்தபடியே "நில்லுப்பா, உன் கையில அடிச்சுட்டுதான் டிஸ்கைத் தொட்டேன், டிஸ்க் உன்னுது"ன்னாங்க. அவங்க டீம்ல ஒருத்தர் கூட முகம் சுளிக்கல. அடுத்த பாஸ்ல நாங்க ஜெயிச்சோம். அன்னைக்கு வீட்டுக்குப் போய் தூங்கவே இல்ல நான், இப்படி ஒரு விளையாட்டான்னு.

இப்ப எங்க குரூப்ல மூணு வாரம் முன்னாடி ஒரு சின்னப் பையன் சேர்ந்திருக்கான். ஃபோர்ஹேண்ட் த்ரோ இன்னும் ஒழுங்கா வரல, டிஸ்க் ஆடிக்கிட்டே போகுது, பிக்ங்கற ரூல் என்னன்னு தெரியாது. ஆனா அன்னைக்கு ஆட்டத்துலயே ஒருத்தர் ஃபவுல்னு சொன்னதும் அவன் வாயில இருந்து டக்குனு வந்துச்சு பாருங்க, "கண்டெஸ்ட்!" எதுக்குடா கண்டெஸ்ட்னு கேட்டேன். "அப்படித்தானே அண்ணா சொல்லணும்?"னான். அவன் மேல எனக்குக் கோவமே இல்ல, அவன் எங்களைப் பார்த்துத்தானே கத்துக்கிட்டான்.

அடுத்த வாரமும் வருவேன், லைன்ல பட்டா பட்டுச்சுன்னுதான் சொல்லுவேன், எங்க டீமா இருந்தாலும். நான் பார்த்தது தப்புன்னு தோணுச்சுன்னா தாராளமா சொல்லுங்க, நீங்க எங்க நின்னு பார்த்தீங்கன்னும் சேர்த்து சொல்லுங்க. நீ எந்த டீம்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க.