கோட்டும் சூட்டும் காப்பாற்றுமா?
அமெரிக்காவில் கறுப்பின ஆண்களைப் பார்த்தாலே ஆபத்தானவர்கள் என்று மற்றவர்களுக்கு வரும் பயம், நல்ல உடை, படிப்பு, பதவி இருந்தால் வராது என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. 2009 ஜூலையில், கறுப்பினத்தவரான ஹார்வர்டு பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் சீனாவிலிருந்து திரும்பி, மக்கர் செய்த தன் வீட்டுக் கதவைத் தள்ளித் திறந்தார். திருட்டோ என்று சந்தேகப்பட்டு யாரோ போலீசுக்குப் போன் போட, கடைசியில் சொந்த வீட்டு வாசலிலேயே கைவிலங்கு. (வழக்கைப் பிறகு கைவிட்டார்கள், அது வேறு விஷயம்.) சரி, அது பழைய கதை என்றால், 2020 மே மாதம் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பறவை பார்க்க பைனாகுலரோடு போனவர் கிறிஸ்டியன் கூப்பர். அவரும் ஹார்வர்டில் படித்தவர்தான். நாயைக் கயிற்றில் கட்டுங்கள் என்று கேட்டதற்கு, ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவர் தன்னை மிரட்டுவதாக நாயின் சொந்தக்காரப் பெண் போலீசைக் கூப்பிட்டார். தெருவைக் கடக்கையில், காரில் இருப்பவர்கள் பயந்து கதவுகளை 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும் சத்தம், செனட்டராகும் முன்பு தனக்கும் பழக்கம்தான் என்று 2013இல் ஒபாமாவே சொன்னாரே!