முழுப்பெயரையாவது கேளுங்கள்

எங்கள் காரைக்குடிப் பக்கம் ஒரு சம்பந்தம் பேசுவதென்றால் எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்று தொடங்கி ஐயா காலத்துக் கடன் வரை துருவிவிடுவோம். அதே ஆட்கள்தான், மூணு வட்டி தருகிறானாம் என்றதும் கம்பெனியின் முழுப்பெயரைக்கூடக் கேட்காமல் பணத்தை எடுத்து நீட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் பர்மாவின் ரங்கூனில் இருந்த வட்டிக்கடையிலிருந்து ஏஜெண்ட் அனுப்பும் கணக்கை ஊரில் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்த பரம்பரை இது. எரிச்சலாக வருகிறது.

சித்தப்பா ஒருவர் ஒரு கம்பெனியின் நோட்டீஸைக் கொண்டுவந்தார். வழவழ தாள், விருது வாங்கும் படம், '10 கோடி மூலதனம்' என்று கொட்டை எழுத்து. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்தேன். அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 10 கோடி, சரி. செலுத்தப்பட்ட மூலதனம்? 1 லட்சம். அங்கீகரிக்கப்பட்டது என்பது, இவ்வளவு வரை பங்கு வெளியிடலாம் என்ற உச்சவரம்பு, அவ்வளவுதான். பங்குதாரர்கள் உண்மையில் போட்டது அந்த 1 லட்சம். நோட்டீஸில் பொய்யே இல்லை பாருங்கள், எந்த வரியைக் காட்டுவது என்பதில்தான் சாமர்த்தியம்! கடைசி ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) எந்த வருடத்துக்குத் தாக்கல் ஆனது என்பதும் அங்கேயே இருக்கும். 100 ரூபாய் கட்டினால் ஐந்தொகை, தணிக்கை அறிக்கை எல்லாவற்றையும் திறந்து படிக்கலாம்.

'கவர்மெண்டில் பதிவான கம்பெனி தம்பி' என்பார்கள். பதிவு செய்த எந்தக் கம்பெனிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து 21 இடம் கொண்ட அடையாள எண் கிடைக்கும், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அது அனுமதி ஆகாது. அதற்கு அனுமதி இருக்கிறதா என்று ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்தில் தேடுங்கள்.

தணிக்கை முத்திரை இருந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். 2009 ஜனவரியில் சத்யம் என்ற மென்பொருள் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு தானே ஒப்புக்கொண்டார், கணக்கில் காட்டிய வங்கிப் பணத்தில் 5,000 கோடிக்கு மேல் இல்லவே இல்லை என்று. தணிக்கை செய்தது உலகப் புகழ் நிறுவனம். அதனால் கையில் இத்தனை கோடி இருக்கிறது என்கிறவன் எதற்கு வெளியே வட்டிக்கு வாங்குகிறான் என்ற கேள்வியை விடாதீர்கள்.

துறை நிலவரத்துக்கு, 'சந்தை இத்தனை மடங்கு வளரும்' வகை அறிக்கைகளை நான் நம்புவதில்லை, காசு கொடுத்து எழுத வைத்தது யாரென்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். கம்பெனிகளின் கடன் தரத்தை மதிப்பிடும் கிரிசில், இக்ரா போன்ற நிறுவனங்களின் குறிப்புகள் இலவசம். அதில் 'நிறுவனம் தகவல் தந்து ஒத்துழைக்கவில்லை' என்று போட்டிருந்தால் அதைவிடப் பெரிய தகவல் வேண்டாம். அப்புறம் அந்தக் கம்பெனிக்குச் சரக்குப் போடுகிறவரிடம் ஒரு டீ குடித்துக்கொண்டே பேசுங்கள். பில் பணம் 30 நாளில் வருகிறதா, 120 நாள் இழுக்கிறதா என்பது அவருக்குத்தான் தெரியும். அவருக்கும் சொந்தக் கோபம் இருக்கும், கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

பணம் திரட்ட வரும் கம்பெனி ஏஜெண்ட் சொந்தக்காரராச்சே, எப்படிக் கேட்பது என்று கூச்சப்படுகிறவர்கள் அவரிடம் எதையும் குடைய வேண்டாம். கம்பெனியின் முழுப்பெயரை மட்டும் வாங்கி வாருங்கள், மீதியை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.