பையனிடம் காட்டும் வீரத்தைக் கொஞ்சம் கோச்சிடமும் காட்டுங்களேன்

சிறுவர் பேஸ்பால் ஆட்டம். கடைசி இன்னிங்ஸ், அதாவது ஆறாவது. மூன்றாவது ஸ்ட்ரைக் விழுந்து அவுட்டானதும் பன்னிரண்டு வயசுப் பையன் தன் மேலேயே கடுப்பாகி ஒரு கெட்ட வார்த்தையை முணுமுணுக்கிறான். பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்ச்சருக்கும் அவருக்குப் பின்னால் நிற்கும் பிளேட் அம்பயருக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும். உடனே நம்ம அம்பயருக்கு எங்கிருந்தோ வீரம் வந்துவிடுகிறது. முகமூடியைக் கழற்றி, கையை வானத்துக்கு வீசி, "வெளியே போ!" இதே மனிதர், முதல் இன்னிங்ஸிலிருந்து "எங்க பசங்க ஆடும்போது மட்டும் ஸ்ட்ரைக் ஜோன் பெருசாகுதே, ப்ளூ" என்று (ஸ்ட்ரைக் ஜோன் என்பது பந்து வந்தால் ஸ்ட்ரைக் ஆகும் எல்லை, ப்ளூ என்பது அம்பயரைக் கூப்பிடும் பெயர்) குத்திக்கொண்டே இருந்த கோச்சை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அமெரிக்காவில் சனிக்கிழமை காலை ஏதாவது ஒரு பூங்கா மைதானத்துக்குப் போய் நின்று பாருங்கள், இந்தக் கூத்து கண்ணில் படாமல் போகாது.

விதியில் ஓட்டை இருந்தாலாவது மனசு ஆறும். அதுவும் கிடையாது. சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் விதி 4.06 தெளிவாக இருக்கிறது. எதிரணி ஆட்டக்காரர், கோச், அம்பயர், பார்வையாளர் என்று யாரையும் குறிவைத்துப் பேசக்கூடாது. கூட்டத்தைத் தூண்டிவிடக்கூடாது. பந்து வீசும் பிட்சர் விதிமீறி வீசட்டும் என்று எந்தச் சேட்டையும் செய்யக்கூடாது. மீறினால் அம்பயர் முதலில் எச்சரிக்கலாம், தொடர்ந்தால் வெளியேற்றலாம். ஸ்ட்ரைக்கா, எல்லைக்கு வெளியே போன பாலா, அவுட்டா சேஃபா என்பதெல்லாம் அம்பயரின் கணிப்பு, அதை எதிர்த்துப் பேசவே கூடாது என்று 9.02 சொல்கிறது. உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளுக்கு விதி எழுதும் என்.எஃப்.எச்.எஸ். அமைப்பின் விதிகளில் படிப்படியாகவே வைத்திருக்கிறார்கள்: வாய்மொழி எச்சரிக்கை, பிறகு எழுத்து எச்சரிக்கை. எழுத்தில் வாங்கிய கோச் மீதி ஆட்டம் முழுக்க அணி உட்காரும் டக்கவுட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டும், அடிபட்ட பையனைப் பார்க்க மட்டும் வெளியே வரலாம். அதற்கும் அடங்காவிட்டால்தான் வெளியேற்றம். இத்தனை இருந்தும் பல அம்பயர்களுக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு: ஐந்து இன்னிங்ஸ் செவிடாக இருப்பது, ஆறாவதில் கிடைத்தவன் தலையில் இடியாக இறங்குவது.

காரணம் ஒன்றும் ரகசியம் இல்லை. ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் பால் போட்டிகளில் ஆட்டத்துக்கு இவ்வளவு என்றுதான் காசு. அடுத்தடுத்து ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் நேரக் கெடு, நடுவில் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் இல்லை. கோச்சைத் தட்டிக் கேட்டால் பத்து நிமிஷம் போகும், அம்பயர்களை அனுப்பும் ஒருங்கிணைப்பாளருக்கு அவர் போன் போடுவார், அடுத்த வாரம் ஆட்டம் குறையும். பையன் யாருக்குப் போன் போடப்போகிறான்? இளைத்தவன் தலையில் மிளகாய் அரைப்பது சுலபம்.

பழைய அம்பயர்கள் வைத்திருக்கும் அளவுகோல் மூன்றே கேள்விதான். ஆளைக் குறிவைத்துப் பேசினாரா? ஆபாசமாகப் பேசினாரா? விடாமல் நீட்டிக்கொண்டே போனாரா? "அது தாழ்வான பந்துய்யா!" என்று ஒருமுறை கத்தினால் அது ஆதங்கம், விட்டுவிடலாம். "நீ ஒரு..." என்று தொடங்கினால் அது ஆள்மேல் பாய்வது, அங்கேயே கதை முடிந்தது. பையன் தன்னைத்தானே திட்டிக்கொண்டால் எத்தனை தூரம் கேட்டது என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்டால், இன்னிங்ஸ் மாறும்போது அணியின் தலைமைக் கோச்சான மேனேஜரிடம் போய் "உங்க 7-ஆம் நம்பர்கிட்ட கொஞ்சம் பேசுங்க" என்றால் போதும். முக்கால்வாசி அதோடு அடங்கிவிடும். பார்வையாளர் வரிசை வரைக்கும் கேட்டால் வெளிப்படையாக எச்சரிக்கை. எதிரணிப் பையனைப் பார்த்துச் சொன்னால் வெளியே. நிறத்தையோ இனத்தையோ இழுத்தால் எச்சரிக்கை என்ற பேச்சே வேண்டாம், நேராக வெளியே. இதைப் புரிந்துகொள்ள என்ன பட்டப்படிப்பா வேண்டும்?

கோச் விஷயத்துக்கும் வரிசை உண்டு. முதல் முனகலைக் காதில் வாங்காதே. இரண்டாவதற்கு அந்தப் பக்கம் திரும்பி ஒரு பார்வை. மூன்றாவதற்கு உள்ளங்கையைக் காட்டி "போதும், கோச்." அதற்கு மேலும் பேசினால் டைம் கேட்டு ஆட்டத்தை நிறுத்தி, எச்சரிக்கை கொடுத்து, எந்த இன்னிங்ஸ் என்று ஸ்கோர் அட்டையின் பின்பக்கம் குறித்துக்கொள். அடுத்தது வெளியேற்றம். இதை இரண்டாவது இன்னிங்ஸிலேயே செய்துவிட்டால் ஆறாவதில் பையன் மேல் பாய வேண்டிய தேவையே வராது. ஆனால் சிலர் செய்வது நேர் எதிர். ஹோம் பிளேட்டை விட்டு டக்கவுட் வரைக்கும் விறுவிறுவென்று நடந்துபோய் இவரும் சேர்ந்து கத்துகிறார். அப்புறம் யார் அம்பயர், யார் கோச் என்று பார்க்கிறவனுக்கே விளங்குவதில்லை.

டக்கவுட் கூச்சலையும் சொல்ல வேண்டும். பிட்சர் பந்தை விடுகிற அந்தக் கணத்தில் பத்துப் பேரும் ஒரே குரலில் "பூம்!" என்று அலறுவது உற்சாகம் இல்லை, வெறும் கயமை. தன் அணிக்குப் பாட்டுப் பாடட்டும், தட்டட்டும், ஆடட்டும். பந்து வீசுகிறவன் அசைவுக்குத் தாளம் பிடித்துக் கத்துவது 4.06-க்குள் வருகிற சமாச்சாரம். இதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று தெரிந்தும் அம்பயர் பையன்களை முறைக்கிறார்.

பார்வையாளர் பக்கம் இன்னும் மோசம். 2019-இல் கொலராடோவின் லேக்வுட்டில் ஏழு வயசுக் குழந்தைகள் ஆட்டத்தில் பெரியவர்கள் அடித்துப் புரண்டார்கள். அன்று அம்பயருக்கு வயது 13. நியூ ஜெர்சியின் டெப்ட்ஃபோர்டில் 2023-இல் லிட்டில் லீக்காரர்கள் வெறுத்துப்போய் ஒரு விதி போட்டார்கள்: அம்பயரைத் திட்டினால், மூன்று ஆட்டம் நீயே அம்பயராக நின்றுவிட்டு வா, அதுவரை மைதானத்துப் பக்கம் வராதே. அருமையான விதி. 2018-19 சீசனுக்குப் பிறகு பள்ளி விளையாட்டுகளில் சுமார் 50,000 நடுவர்கள் விலகிவிட்டதாக என்.எஃப்.எச்.எஸ். அமைப்பே சொன்னது. நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை. மடக்கு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அம்பயருக்குப் புரியாது என்ற தைரியத்தில் தமிழில் அர்ச்சனை செய்கிற அப்பாக்களே, மூன்றாவது பேஸில் நிற்கிற உங்கள் பிள்ளைக்குப் புரியும்.

இங்கேயும் அம்பயர்கள் சொதப்புவது ஒரே மாதிரிதான். வலைக்கு அந்தப் பக்கம் இருப்பவரோடு நேருக்கு நேர் வாதத்துக்குப் போகிறார்கள். போகவே கூடாது. டைம் கேட்டு ஆட்டத்தை நிறுத்து, மேனேஜரையோ அங்கிருக்கும் லீக் பொறுப்பாளரையோ கூப்பிடு, "அந்தச் சிவப்புத் தொப்பிக்காரர் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனால்தான் அடுத்த பந்து" என்று சொல்லிவிட்டுச் சும்மா நில். மற்ற பெற்றோர்களே அவரைக் கிளப்பிவிடுவார்கள்.

2022-இல் டெக்சஸின் வேக்கோவில், தலைக்கவசத்தில் அடிவாங்கிய பையன் அழுதுகொண்டிருந்த பிட்சரிடம் போய்க் கட்டிப்பிடித்தான். அந்த வீடியோவைப் பகிராத ஆள் இல்லை. பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் ஆட்டம் முடிந்து கைகுலுக்கும் வரிசையில் உள்ளங்கையில் எச்சில் துப்பிக்கொண்டு வருகிறவனைத் தட்டிக் கேட்டார்கள்?

சரி, வெளியேற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஒழுங்காகச் செய்யுங்கள். பந்து ஆட்டத்தில் இருந்தால் அந்த ஓட்டம் முடியட்டும், பிறகு டைம். சர்க்கஸ் கைவீச்சு வேண்டாம். மேனேஜரிடம் நம்பரையும் காரணத்தையும் சொல்லுங்கள். இன்னொரு அம்பயர் இருந்தால் அவர் நடுவில் வந்து கோச்சைத் தள்ளிக்கொண்டு போகட்டும். பையனாக இருந்தால் அவனைப் பொறுப்பேற்கப் பெரியவர் ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள், பத்து வயசுப் பிள்ளையைத் தனியே பார்க்கிங்குக்கு அனுப்பிவிட்டு ஆட்டத்தைத் தொடர்வது கேடுகெட்ட வேலை. கோச்சாக இருந்தால் அங்கிருந்து கிளம்ப வேண்டும். வேலிக்குப் பின்னால் காரில் உட்கார்ந்து உதவிக் கோச்சுக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தால் அது வெளியேற்றமே இல்லை. லிட்டில் லீக்கில் அடுத்து நடக்கும் ஆட்டத்துக்கும் தடை உண்டு, மைதானத்திலேயே இருக்கக்கூடாது.

அந்தத் தடை நிற்க வேண்டுமென்றால் அறிக்கை வேண்டும். "தகாத வார்த்தை பேசினார்" என்று ஒற்றை வரி அனுப்பினால் லீக் கமிட்டி என்ன செய்யும்? கோச் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்பார், கதை கந்தல். எந்த இன்னிங்ஸ், எத்தனை அவுட், யாரைப் பார்த்து, முன்னால் எச்சரித்தது எப்போது, சொன்ன சொல் எழுத்து மாறாமல் என்ன, எல்லாம் அன்றைக்கு இரவே எழுத வேண்டும். அந்தச் சொல்லை எழுதக் கூச்சமாக இருக்கிறதாம். அத்தனை குழந்தைகள் முன்னால் அதைக் கேட்டுக்கொண்டு ஐந்து இன்னிங்ஸ் நின்றபோது எங்கே போயிருந்தது அந்தக் கூச்சம்?