மாளிகைத் தோட்டங்களுக்கு அப்பால்
1900ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க நகரவாசிகளிடம் எழுந்த நாட்டுப்புற மோகத்தைப் பற்றி நான் படித்த கட்டுரை, செல்வந்தர்களின் மாளிகைத் தோட்டங்களோடு நிறுத்திக்கொண்டது எனக்குக் குறையாகவே படுகிறது. அதே காலத்தில், மிச்சிகனில் பழத்தோட்டக் குடும்பமொன்றில் பிறந்து கார்னெல் பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலை கற்பித்த லிபர்ட்டி ஹைட் பெய்லி, பிள்ளைகள் செடியையும் பூச்சியையும் நேரில் பார்த்துப் பயிலும் இயற்கைக் கல்வியைப் பள்ளிகளில் பரப்பிக்கொண்டிருந்தார். 1908இல் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் பெய்லியின் தலைமையில் அமைத்த நாட்டுப்புற வாழ்வு ஆணையம் விவசாயிகளுக்கு வினாத்தாள் அனுப்பிக் கருத்துக் கேட்டது; மோசமான சாலைகள், மண்வளச் சீரழிவு, பண்ணைப் பெண்களின் ஓயாத வேலைச்சுமை (இத்தனைக்கும் ஆணையத்தில் ஒரு பெண்கூட இல்லை) ஆகியவற்றை அடுத்த ஆண்டு வந்த அறிக்கை வெளிப்படையாகவே பேசியது. 1914இல் ஸ்மித்-லீவர் சட்டத்தின்வழி, கல்லூரிகளின் வேளாண் அறிவை விவசாயிகளிடம் கொண்டுசேர்க்கும் வேளாண் விரிவாக்கப் பணி நாடெங்கும் பரவியதில் அந்த அறிக்கைக்கும் பங்குண்டு. ரோஜாப் பாத்திகளைவிட இதையே நான் விரிவாக எதிர்பார்த்தேன்.