சும்மா விளையாடிக்கொண்டிருப்பவள்

மேஜையில் வைத்து ஆடும் கார்டு விளையாட்டுகளை உருவாக்குவது என் வேலை. அதற்காக எனக்குச் சால்வை போட்ட விழாவின் வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும். நானும் அந்த மேடையில்தான் நின்றுகொண்டிருந்தேன். "கொடுத்து வைத்தவங்க. நாள் முழுக்க விளையாடுறதுதான் இவங்களுக்கு வேலை" என்று மேடையில் பேசிய ஐயா மைக்கில் சொன்னதும் கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். சால்வையை வாங்கிக்கொண்டு இறங்கினேன். கோத்தகிரி பஸ் கட்டபெட்டு தாண்டும்போதுதான் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் லேட்டாகத்தான் வரும்.

விளையாடுவது வேறு, விளையாட்டைச் செய்வது வேறு. பந்தியில் உட்கார்ந்தவரையும் அடுப்படியில் நிற்பவரையும் யாராவது ஒன்றாகச் சொல்வார்களா?

போன வாரம் முழுக்க நான் செய்தது ஒரே ஒரு எண்ணை மாற்றியது. என் தேயிலை விளையாட்டில் மழைக்கால கார்டுக்கு 3 மூட்டை இலை. அதை 2 ஆக்கினேன். ஆக்கியதும் இரண்டு தோட்டம் வைத்திருப்பவரே எப்போதும் ஜெயிக்க ஆரம்பித்தார். ஏன் என்று கண்டுபிடிக்கப் பதினான்கு ஆட்டம். பகலில் ஆடுவதற்கு யார் வருவார்கள்? நானே நாற்காலி மாறி மாறி உட்கார்ந்து நான்கு பேராக ஆடினேன். கேஸ் சிலிண்டர் போட வந்த அண்ணன் ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டார். வாசலிலேயே சிலிண்டரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் விதிப்புத்தகம். 'ஒரு கார்டை எடுத்து வைக்கவும்' என்று எழுதியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை ஆட விட்டு, வாயைத் திறக்காமல் பின்னால் உட்கார்ந்திருந்தேன். விளக்கம் சொன்னால் சோதனையே வீண். ஒருத்தி கார்டை எடுத்து மேஜையில் வைத்தாள். இன்னொருத்தன் கையிலேயே பத்திரமாக வைத்துக்கொண்டான். தமிழில் இரண்டுமே சரிதான்! அந்த ஒரு வரிக்கு எனக்கு மூன்று நாள் ஆனது. ஐப்பசி மழையில் கார்டெல்லாம் அப்பளம் மாதிரி வளைந்துபோய், அரிசி டிரம்முக்கு அடியில் வைத்து நிமிர்த்துவதை எல்லாம் நான் வேலைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

"தாயம் உருட்டுவதில் என்ன பெரிய கணக்கு?" என்று கேட்பீர்கள். நான்கு பக்கமுள்ள இரண்டு தாயக்கட்டையை உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் மொத்தம் 1 வருகிற 2 விதம் மட்டும்தான் தாயம். எட்டுக்கு ஒன்று. அதனால்தான் காயை இறக்க முடியாமல் உங்கள் அத்தை அரை மணி நேரம் திட்டிக்கொண்டிருந்தார். ஆடு புலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு. ஏன் 14 இல்லை? ஏதோ ஒரு திண்ணையில் யாரோ 14 வைத்தும் பார்த்திருப்பார். அவரையும் வீட்டில் 'சும்மா உட்கார்ந்திருக்கிறார்' என்றுதான் சொல்லியிருப்பார்கள். 1882இல் ஊட்டி கிளப்பில் ஸ்நூக்கர் விதிகளை எழுதி மாட்டினாரே ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி, அதை மட்டும் எல்லா டூரிஸ்ட்டிடமும் பெருமையாகச் சொல்கிறோம். அவர் செய்ததும் இதே வேலைதான் ஐயா.

செல்போனில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறதே என்பவர்களுக்கு: சந்தோஷம், ஆடுங்கள்.

"அவர் பாராட்டத்தானே சொன்னார்?" இருக்கலாம். அந்த விழாவுக்காக விளையாட்டைப் பெரிய அளவில் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். செலவு யாருடையது என்று கேட்டதற்கு "விளையாட்டுத்தானே மேடம்" என்றார்கள். இதுவும் பாராட்டுதான் என்று வைத்துக்கொள்கிறேன்.

"கொழுந்து பறிப்பவர்களை விடவா உனக்குக் கஷ்டம்?" இதை ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருந்தார். இல்லை. நான் எப்போது அப்படிச் சொன்னேன்? என் அம்மா முதுகில் சாக்கைக் கட்டிக்கொண்டு பறித்தவர். அட்டை கடித்த காலோடு வந்து எனக்குச் சோறு போட்டவர். அவரிடம்கூட நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. 'கம்ப்யூட்டர் வேலை' என்றுதான் கடைசி வரை நினைத்திருந்தார். நானும் திருத்தவில்லை. மேடையில் அந்தச் சிரிப்பு கேட்டபோது, நல்லவேளை அம்மா இல்லை என்று தோன்றியது பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த மைக் ஐயாவையா, என்னையா, தெரியவில்லை.

சரி, விடுங்கள். நேற்று ராத்திரி அப்பா முதல்முறையாக என் விளையாட்டை ஆட உட்கார்ந்தார். இரண்டாவது சுற்றிலேயே நிறுத்திவிட்டார். "எந்த ஃபேக்டரிம்மா இலை போட்ட அன்னைக்கே காசு கொடுக்குது?"

ஒரு வருஷமாக யாருக்கும் தோன்றாத ஓட்டை. இனி இந்தச் சுற்றில் போட்ட இலைக்கு அடுத்த சுற்றில்தான் பணம். 18 கார்டைத் திரும்ப எழுதி வெட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆடிப் பார்க்க மூன்று பேர் தேவை, நான்காவது அப்பா. மிளகாய் பஜ்ஜி உண்டு. மைக் ஐயாவும் வரலாம், ஆனால் விதிப்புத்தகத்தை அவரேதான் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.